பதில் சொல்ல ஐந்து நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பக்கத்தை மூன்று வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. என் தம்பி டெக்சஸில் இருக்கிறான், அத்தான் நியூ ஜெர்சியில். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசினாரே, அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேருக்கும் வந்த சண்டையில் அத்தான் குழுவை விட்டே போய்விட்டார். தீபாவளியும் வரப்போகிறது, இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

அன்று நான் வேலையில் இருந்தேன், துண்டு வீடியோக்களைத்தான் பார்த்தேன். கைத்தடியை நீட்டிக்கொண்டு எழுந்து நின்ற ஒரு பெரியவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சின்ன அட்டைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அந்தக் கட்சி சார்பில் ஒரு பெண் செனட்டர் பதில் பேசினார். அதை முழுசாகக் கேட்டேன், உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

செப்டம்பரில் நம் சிங்கப்பூர் அதிபர் தர்மனும் நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். எங்கள் குழுவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எது சரி அக்கா? அங்கே மாதிரி சுடச்சுடப் பதில் சொல்வதா, இங்கே மாதிரி அமைதியாக இருப்பதா? அமெரிக்காக்காரர்கள் சண்டையை நாம் ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறோம்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள ஈசூன் வாசகருக்கு,

உங்கள் அத்தான் குழுவை விட்டுப் போனதைப் படித்ததும் சங்கடமாக இருந்தது. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மனஸ்தாபம் வந்து, சரியாக ஒரு கல்யாணம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க அதிபர் பேசுவதை நாம் கேட்கத்தான் வேண்டும். சண்டை போட வேண்டியதில்லை, ஆனால் கேட்க வேண்டும். அந்த நீளமான உரையில் நம் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் வரப்போகிற வாக்கியம் ஒன்றோ இரண்டோ கட்டாயம் இருக்கும். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறோம், என் ஆதங்கம் அதுதான்.

2020 பிப்ரவரி 5, டிரம்ப் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை ஆற்றிய நாள். அங்கே இரவு ஒன்பது மணி என்றால் அந்தப் பருவத்தில் நமக்கு மறுநாள் காலை பத்து. உரை முடிந்த அன்று மதியம் தேக்கா உணவங்காடியில் சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் நாலு பேர், ஒரே கைப்பேசி, சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த மக்களவை நாயகர் நான்சி பெலோசி அதிபருக்குப் பின்னால் நின்றபடி உரையின் பிரதியை இரண்டாகக் கிழிக்கிற காட்சி. ஒருவர் "சபாஷ்" என்கிறார், இன்னொருவர் "சபை மரியாதை வேண்டாமா" என்கிறார். எனக்கும் அது வந்திருந்தது, நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன்.

அந்தக் கிழிந்த தாள்களில் இருந்த ஒன்றைப் பல மாதம் கழித்துத்தான் படித்தேன். சீனாவில் பரவும் கொரோனா கிருமி விஷயத்தில் சீன அரசோடு சேர்ந்து செயல்படுகிறோம், நம் மக்களைக் காக்க வேண்டியதையெல்லாம் செய்வோம் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். இரண்டே வாக்கியம், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவர் பேசிய இரண்டாவது நாள், பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, இங்கே நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்தது. அன்று சாயங்காலம் எங்கள் புளோக் பக்கத்துப் பேரங்காடியில் வரிசை காய்கறிப் பகுதியைத் தாண்டி வளைந்து நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும், ஈசூனிலும் அப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, கழிவறைத் தாள் தீர்ந்துவிட்டதா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் உலகத்துக்கு எது முக்கியமோ அது அந்த உரையில் இருந்தது, தேக்காவில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் அது வேறு யாரையும்விட அதிகம் தேவைப்பட்டது, நாங்கள் பார்த்ததோ கிழிக்கிற கையை.

இப்போது நீங்கள் சொல்கிற மார்ச் உரைக்கு வருகிறேன். (பதவியேற்ற வருடம் என்பதால் அதற்கு வழக்கமான ஆண்டு உரை என்ற பெயர் கிடையாது, இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் பேசியது. மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.) ஏறத்தாழ 100 நிமிடம். நீங்கள் பார்த்த அந்தப் பெரியவர் டெக்சஸ் உறுப்பினர் ஆல் கிரீன், வயது 77. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் கைவைக்க உங்களுக்கு மக்கள் அதிகாரம் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் எழுந்தார். இரண்டு நாளில் மக்களவை அவருக்குக் கண்டனத் தீர்மானம் போட்டது, அவருடைய கட்சிக்காரர்கள் 10 பேரே அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எல்லோரும் அவர் எழுந்தது சரியா தவறா என்று பேசினார்கள். அவர் எதற்காக எழுந்தார் என்பதைப் பேசியவர்கள் குறைவு.

அதே உரையில் ஒரு தேதி வந்தது. ஏப்ரல் 2 முதல் பதிலுக்குப் பதில் இறக்குமதி வரி, மற்ற நாடுகள் நம்மிடம் எவ்வளவு வாங்குகின்றனவோ அவ்வளவு நாமும் வாங்குவோம் என்றார். நீங்கள் பார்த்த துண்டு வீடியோக்களில் இது இருந்ததா? எனக்கு வந்ததில் இல்லை. என் வீட்டுக்காரர் துவாஸில் ஏற்றுமதிச் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறார். ஏப்ரல் 3 விடியற்காலை, நமக்கு மணி நாலு இருக்கும், வரி அறிவிப்பு வருகிறது. ஆறு மணிக்கெல்லாம் இவருடைய கைப்பேசி சாப்பாட்டு மேசையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. ஒன்றை எடுப்பதற்குள் அடுத்தது. கப்பலில் ஏற்றியதற்கு உண்டா, ஏற்றாததற்கு மட்டுமா, யார் கட்டுவது? இவரிடம் பதில் இல்லை, யாரிடமும் இல்லை. சிங்கப்பூருக்கு அன்று அறிவித்தது 10 விழுக்காடு. இவ்வளவுக்கும் 2004 ஜனவரி முதல் அமெரிக்காவோடு நமக்குத் தடையற்ற வர்த்தக உடன்பாடு இருக்கிறது, அவர்கள் பொருளுக்கு நாம் வாங்கும் வரி சுழியம். அவ்வளவுக்கு அவ்வளவு என்று மார்ச்சில் சொன்ன கணக்குப்படி பார்த்தால் நமக்கும் சுழியம்தானே வந்திருக்க வேண்டும்? மார்ச் மாதமே அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கியிருந்தால் நாம் பேச வேண்டிய பேச்சு அதுதான். உங்கள் தம்பியும் அத்தானும் சண்டை போட்டிருந்தால்கூட இதற்காகப் போட்டிருக்கலாம்.

சரி, எதிர்க்கட்சியின் பதில். உப்புச்சப்பில்லை என்கிறீர்கள். அன்று பேசியவர் மிச்சிகன் செனட்டர் எலிசா ஸ்லாட்கின். அவரைக் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும். அதிபருக்கு ஒரு பெரிய மண்டபம், ஐந்நூறு பேருக்கு மேல், வரிக்கு வரி கைதட்டல். இவருக்கு எதிரில் ஒரு கேமரா, சுமார் பத்து நிமிடம், அவ்வளவுதான். அதிபர் என்ன பேசப்போகிறார் என்று முழுதாகத் தெரியாமலே தயாரித்து வைத்த பேச்சு. அவர் நின்ற இடம் வையண்டாட் என்ற சின்ன ஊர். நவம்பர் தேர்தலில் ஒரே இரவில் டிரம்ப்பும் நானும் ஜெயித்த ஊர் இது என்று அவரே சொன்னார், அதாவது இரண்டு பேருக்கும் வாக்களித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அத்தானும் உங்கள் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பேச்சில் அதுதான் பிடித்தது. கனடா போன்ற நட்பு நாடுகள் மேல் வரி போட்டால் விலை ஏறும் என்பதையும் சொன்னார். கைதட்டல் இல்லாத பேச்சு நம் காதுக்குச் சப்பென்றுதான் இருக்கும்.

இந்தப் பதில் பேச்சு எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதிபர் அவ்வப்போது நாட்டின் நிலையைப் பற்றி நாடாளுமன்றத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று அவர்களுடைய அரசமைப்புச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, எதிர்க்கட்சிக்கு ஒரு நிமிடம் கொடு என்று எங்கேயும் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் 1790 ஜனவரியில் நியூயார்க்கில் நேரில் பேசினார், சுமார் ஆயிரம் வார்த்தைதான். 1801இல் தாமஸ் ஜெஃபர்சன் நேரில் போகாமல் எழுதியே அனுப்பினார். அதற்கப்புறம் 1913இல் வுட்ரோ வில்சன் மறுபடி நேரில் போகும்வரை, நூறு வருடத்துக்கு மேல், அது வெறும் கடிதம். அதைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் கருத்துச் சொல்ல முடியும், வேறு வழி கிடையாது.

1965இல் லிண்டன் ஜான்சன் உரையை இரவு நேரத்துக்கு மாற்றினார், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தொலைக்காட்சியில் பார்க்கட்டும் என்று. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? எங்களுக்கும் நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. 1966இல் குடியரசுக் கட்சி சார்பில் செனட்டர் எவரெட் டர்க்சனும் மக்களவை உறுப்பினர் ஜெரால்டு ஃபோர்டும் பேசினார்கள். இங்கேதான் எனக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஜான்சன் பேசியது ஜனவரி 12, இவர்கள் பதில் சொன்னது ஜனவரி 17. ஐந்து நாள்! கேட்டார்கள், படித்தார்கள், யோசித்தார்கள், அப்புறம் பேசினார்கள். பிற்பாடு அது அதே இரவு என்று சுருங்கிவிட்டது, இப்போது நமக்கு அதே நிமிடம். அந்த ஜெரால்டு ஃபோர்டு பின்னால் தானே அதிபராகி 1975இல் அதே மேடையில் நின்று, நாட்டின் நிலை நன்றாக இல்லை என்று நேராகச் சொன்னார். எதிர்வரிசையிலிருந்து பதில் சொல்லிப் பழகியவர் என்பதால்தான் அதைச் சொல்ல முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

அதே இரவில் சொல்கிற பதிலால் ஒரு பிழையைக்கூடப் பிடிக்க முடியாது. 2003 ஜனவரியில் ஜார்ஜ் புஷ், ஈராக் ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாக ஒரு வாக்கியம் சொன்னார். அன்று இரவு எதிர்க்கட்சி சார்பில் பேசிய வாஷிங்டன் மாநில ஆளுநர் கேரி லாக்கால் அதைச் சரிபார்த்திருக்கவே முடியாது. மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது. அந்த வாக்கியம் உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது ஜூலையில்.

இனி நம் ஊர். முதலில் ஒன்று, இரண்டு உரைகளும் ஒரே வகை இல்லை. அதிபர் தர்மன் படித்தது அரசாங்கத்தின் திட்டங்கள், அவர் கட்சி சார்பில் பேசுகிறவர் இல்லை. அமெரிக்க உரைக்கு நம்மிடம் இணை என்றால் தேசிய தினப் பேரணியில் பிரதமர் பேசுவதைத்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எதிர்க்கட்சிக்குத் தொலைக்காட்சியில் பத்து நிமிடம் என்ற வழக்கம் இங்கே இல்லை, இருந்தால் நல்லது என்பது என் கருத்து. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

ஆனால் நம் அதிபர் உரைக்குப் பதிலே இல்லை, அமைதி என்று நீங்கள் எழுதியதை ஏற்க மாட்டேன். உரை செப்டம்பர் 5. அதன்மேல் நன்றி தெரிவிக்கும் தீர்மானம், விவாதம் எல்லாம் செப்டம்பர் 22இல்தான் தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி! அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பிரித்தம் சிங் பேசினார், பாட்டாளிக் கட்சி உறுப்பினர்கள் பேசினார்கள், மக்கள் செயல் கட்சியின் பின்வரிசை உறுப்பினர்கள் பேசினார்கள், பிரதமர் வோங் பேசினார். நாள் கணக்கில் நடந்தது. 1966இல் அவர்களுக்குக் கிடைத்த ஐந்து நாளைவிட அதிக அவகாசம் நம்மிடம் இருக்கிறது, ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் பதில் சொல்கிற அவையும் இருக்கிறது. 2021இலிருந்து யூடியூபில் நேரலையாகவே வருகிறது. நாம் பார்ப்பதில்லை. உங்கள் குழுவில் ஒருத்தரும் வாய் திறக்காததற்கு அதிபர் உரை காரணம் இல்லை. வீடு, வேலை, முதியோர் பராமரிப்பு என்று நம் சொந்த விஷயத்தைப் பேசுகிற சபையை நாமே திரும்பிப் பார்க்காமல் இருக்கிறோம், டெக்சஸ்காரருக்கும் நியூ ஜெர்சிக்காரருக்கும் அதிபர் யார் என்பதில் விடிய விடிய நிற்கிறோம். எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

எது சரி என்று கேட்டீர்கள். சுடச்சுட வேண்டாம், ஆனால் பதில் கட்டாயம் வேண்டும். அதிபருக்கு எதிரில் ஒரு குரல் வரும் என்ற அமெரிக்க வழக்கம் எனக்குப் பிடிக்கும், கேட்டுவிட்டுப் பேச நாள் கொடுக்கும் நம் வழக்கம் அதைவிடப் பிடிக்கும்.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு ஒன்று சொல்லலாமா? அத்தானைக் குழுவில் மறுபடி சேர்க்க அவசரப்பட வேண்டாம். தீபாவளிக்கு அவருக்குத் தனியாகப் போன் போடுங்கள். தம்பிக்கும் தனியாக. டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்பதை எடுக்காமல், இந்த வரி வந்த பிறகு அவர்கள் ஊர்க் கடையில் பருப்பும் அரிசியும் என்ன விலை விற்கிறது என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா