பிஸ்டனுக்குக் காசு கட்ட முதல் சிலிண்டர் போரை அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது, அப்பா ஓடியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிவிட்டு, பிறகு பல வருடம் கொட்டிலில் நின்றது. இப்போது ஸ்டார்ட் எடுக்கிறது. ஆனால் நீலப்புகை தள்ளுகிறது, 300 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கிறது. கொழும்பில் ஒருவர் தன்னிடம் “20 சைஸ் முழுக் கிட்” இருப்பதாகவும், இன்று காசு போட்டால் நாளைக்கே பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா? எஞ்சினை நானும் நண்பர்களும் வீட்டிலேயே இறக்கப் போகிறோம்.
— வாசகர், முள்ளியவளை

பதில்: இப்போது வாங்க வேண்டாம். உங்கள் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின் விட்டம், 20 சைஸுக்குள் (அங்குலத்தில் ஆயிரத்தின் 20 பங்கு பெரிது) நிற்குமா என்பது உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஒருதரம் 30 அடித்த, அதாவது 30 சைஸுக்குத் துளையைக் கடைந்த, புளொக்காக இருந்தால், பெட்டியோடு அந்தக் கிட்டை அலுமாரிக்கு மேல் வைக்க வேண்டியதுதான்.

முதலில் எஞ்சின் எதுவென்று பாருங்கள். புளொக்கின் வலது பக்கம், டைனமோவுக்கு மேலே சின்னத் தகடு ஒன்றில் இலக்கம் இருக்கும். ஏ.பி.எச்.எம் என்று தொடங்கினால் 803 சிசி. ஏ.பி.ஜே.எம் அல்லது 9எம் என்றால் 948. 10எம்ஏ என்றால் 1098. உங்கள் வருடத்துக்கு 948 தான் வர வேண்டும். ஆனால் வன்னியில் இத்தனை இடப்பெயர்வு கண்ட காருக்குள் எந்த எஞ்சின் இருக்கிறது என்பதைப் பதிவுப் புத்தகத்தை மட்டும் பார்த்து நம்ப முடியாது. 948 இன் போர் 62.9 மி.மீ, 1098 இன் போர் 64.6 மி.மீ. பிஸ்டன் ஒன்றுக்கொன்று மாறாது.

இரண்டாவது, இறக்க முதல் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, அதாவது கொம்பிறசனை, கேஜ் வைத்துப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், அக்சிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. 2 உம் 3 உம் மட்டும் சேர்ந்து குறைவாக, மற்ற இரண்டும் நன்றாக இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் முழு எஞ்சினையும் பிரிக்கும் செலவே இல்லை. புகை வரும் நேரத்தையும் கவனியுங்கள். இழுக்கும்போது புகைத்தால் றிங். அக்சிலேற்றரை விட்டுச் சரிவில் இறங்கிவந்து திரும்ப மிதிக்கும்போது ஒரு கும்பல் புகை வந்தால் வால்வு கைடு, அதாவது வால்வின் தண்டு ஓடும் குழல்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்பதால் சில இடங்களைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சுவரில் இறங்கி ஒயில் படலத்தைக் கழுவும், கீழே ஒயில் தேங்கும் சம்பில் சேர்ந்து ஒயிலைத் தண்ணியாக்கும். ஆகவே போர் மட்டுமல்ல, பெயரிங்கும் தேய்ந்திருக்கும். ஒக்டேன் குறைவென்பதால் இழுவையில் “டக் டக்” என்று தட்டி ஓடியிருக்கும். அந்தத் தட்டு பிஸ்டனில் றிங் இருக்கும் காடிகளின் விளிம்பை உடைக்கும். பிஸ்டனைக் கழுவிவிட்டு, முதல் றிங்குக்கும் இரண்டாவது றிங்குக்கும் இடையிலுள்ள வளையத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். முடி போன்ற வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிரிக்கும்போது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்றொட்டுகளையும் அவற்றின் கீழ்முனைத் தொப்பிகளையும் எத்தனையாவது சிலிண்டர் என்று புள்ளி குத்தி வையுங்கள். இந்த எஞ்சினில் கொன்றொட் நடுவிலிருந்து ஒரு பக்கம் விலகியிருக்கும், இடம் மாறக்கூடாது. 948 இல் பிஸ்டனையும் கொன்றொட்டையும் கோக்கும் பிஸ்டன் பின்னை கொன்றொட்டின் மேல்முனையில் ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த நாலு போல்ட்டையும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழசு தளர்ந்தால் அந்தப் பிஸ்டன் பின் ஒரு பக்கம் நகர்ந்து போரை மேலிருந்து கீழாக உழுதுவிடும். சாவி அங்குல அளவுச் செட்டாக இருக்கட்டும். 13 மி.மீ சாவி அரை அங்குல நட்டில் ஏறும், ஆனால் தளர்வாக நிற்கும், அறுபது வருட நட்டின் மூலையை உருட்டிவிடும்.

இனி அளவு. போர் கேஜ் இல்லையென்றால் பழைய றிங் ஒன்றே போதும். ஒரு பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அந்த றிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளுங்கள். மேல் விளிம்பிலிருந்து ஒரு பத்து மில்லிமீற்றர் கீழே, தேய்வு கூடிய இடத்தில், றிங் வாயின் இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட பீலர் கேஜால் அளந்து பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது றிங் எட்டாத அடிப்பகுதிக்குத் தள்ளி அங்கேயும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் பிரித்தால் தேய்வு வரும். மேலே 1.10 மி.மீ, கீழே 0.50 மி.மீ என்றால் வித்தியாசம் 0.60, தேய்வு 0.19 மி.மீ. 0.15 க்கு மேலே போனால் போர் அடிக்கத்தான் வேண்டும். அதற்குக் கீழே, போர் வட்டமாக இருந்தால், ஹோன் போட்டு, அதாவது சுவரைக் கல்லால் உரசி, புது றிங்கோடு ஓடலாம். ஆனால் மேல் விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டை எடுக்காமல் புது றிங் போடாதீர்கள். பழைய றிங்கின் மூலை தேய்ந்து மேட்டுக்கு ஏற்றபடி உருண்டிருக்கும், புதுசின் மூலை கூர். முதல் நாளே அந்த மேட்டில் அடிபட்டு உடையும்.

கிராங்கை மைக்றோமீற்றர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள். பெயரிங்கில் சுழலும் ஒவ்வொரு கழுத்தையும் இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். 948 இல் பிக் எண்ட் கழுத்து (கொன்றொட் பிடிப்பது) புதிதாக 1.6254 முதல் 1.6259 அங்குலம், மெயின் (புளொக்கில் அமர்வது) 1.7505 முதல் 1.7510 அங்குலம். இரண்டு திசைக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிரைண்ட் பண்ண வேண்டும். 20 சைஸ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தின் 20 பங்கு, அதாவது 0.51 மி.மீ. போரில் 20 என்றால் பிஸ்டன் அவ்வளவு பெரிது, கிராங்கில் 20 என்றால் பெயரிங்கின் உள்வட்டம் அவ்வளவு சிறிது. இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டுமென்று ஒரு விதியும் இல்லை. “முழுக் கிட் 20” என்று விற்பதில் உள்ள கோளாறே இதுதான்.

அளவு தெரிந்த பிறகு வாங்குங்கள்: றிங், பின்னோடு நாலு பிஸ்டன், மெயின் பெயரிங் மூன்று சோடி, பிக் எண்ட் நாலு சோடி, கிராங்க் முன்பின் நகராமல் தடுக்க நடு மெயினில் போடும் அரைவட்ட திரஸ்ட் வாசர் நாலு, முழு கேஸ்கட் செட், டைமிங் செயின், புளொக்கின் தண்ணீர் அடைப்புத் தகடுகள், பிக் எண்ட் போல்ட்டுக்கு மடிக்கும் பூட்டுத் தகடுகள். ஒயில் பம்பை அளந்துவிட்டு முடிவெடுங்கள். உள் றோட்டரின் முனைக்கும் வெளி றோட்டருக்கும் இடையே 0.15 மி.மீ க்கு மேல் போனால் மாற்றுங்கள். பார்சல் வந்ததும் பஸ்காரரை அனுப்பிவிட்டு அங்கேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். பிஸ்டன் தலையிலும் பெயரிங்கின் முதுகிலும் சைஸ் குத்தியிருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் குத்தியிருப்பதை வாசியுங்கள்.

பிஸ்டன் கையில் வராமல் புளொக்கை லேத்துக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்துதான் அதற்குரிய போரை அடிக்க வேண்டும். “20 அடித்துத் தாங்கோ” என்று வெறும் புளொக்கைக் கொடுப்பது, அளவு கொடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி.

பூட்டும்போது திரஸ்ட் வாசரின் ஒயில் காடி கிராங்கைப் பார்க்க வேண்டும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.08 மி.மீ. புது றிங்கின் வாய் 0.18 முதல் 0.30 மி.மீ. இறுக்கும் அளவு மெயின் 60, பிக் எண்ட் 35, ஹெட் நட் 40 இறாத்தல்-அடி. நியூட்டன் மீற்றரில் முறையே 81, 47, 54. ஹெட்டில் ஒன்பது நட், நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக இறுக்குங்கள். வால்வு இடைவெளி குளிர் எஞ்சினில் 0.30 மி.மீ. எட்டு வால்வையும் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள், வருகிற எண்தான் நீங்கள் செட் பண்ண வேண்டிய வால்வு. ஒன்று திறந்திருந்தால் எட்டு, மூன்று திறந்திருந்தால் ஆறு.

ஹெட் கழற்றியிருக்கும்போதே நாலு சைலன்சர் பக்க வால்வுக்கும், வால்வு மூடும்போது வந்து அமரும் இடத்தில், கடின இருக்கை போட்டுவிடுங்கள். இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனது. இந்த ஹெட்டின் வார்ப்பிரும்பு இருக்கை ஈயத்தை நம்பிச் செய்தது. மெதுவாக ஓடினால் உடனே ஒன்றும் ஆகாது. ஏ9 வீதியில் நெடுக மிதித்து ஓடினால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி இடைவெளி குறையும்.

ஒயில் 20டபிள்யூ-50 மினரல், வடிகட்டியோடு ஏறக்குறைய 3.7 லீற்றர். பிளக் போடாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, ஒயில் வெளிச்சம் அணைந்த பிறகுதான் முதல் ஸ்டார்ட். 500 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றி, ஹெட்டைத் திரும்ப இறுக்கி, வால்வைத் திரும்பப் பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் பின்பக்கம் ஒரு சொட்டு ஒழுகினால் பதற வேண்டாம். இந்த எஞ்சினின் பின்முனையில் றப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகுக் காடி மட்டும்தான்.

கேள்வி: 1098 எஞ்சினுக்கு ஒரு லேத் பட்டறையில் போர் அடித்தேன். பூட்டி 90 கிலோமீற்றரில் இறுகி நின்றுவிட்டது. “நீங்கள் தண்ணி பார்க்காமல் ஓடியிருப்பீர்கள்” என்கிறார்கள். காசைத் திருப்பிக் கேட்க முடியுமா?
— வாசகர், பரந்தன்

பதில்: யார் பிழை என்பதைப் பிஸ்டனே சொல்லும். எதையும் தேய்க்காமல், கழுவாமல், முதலில் படம் எடுங்கள். பிஸ்டன் பின் இருக்கும் இடத்துக்கு இரு பக்கமும் நாலு மூலையிலும் உரசியிருந்தால் பெரும்பாலும் சூடு ஏறிய பிழை, பட்டறை சொல்வதில் நியாயம் இருக்கலாம். அந்தப் பின்னுக்குக் குறுக்கான இரு முகங்களிலும் பிஸ்டனின் பாவாடை (றிங்குகளுக்குக் கீழ்ப்பகுதி) நீளத்துக்கு உரசியிருந்தால் போர் இறுக்கம். றிங்கின் இரு முனையும் கண்ணாடி மாதிரி மினுங்கினால் வாய் இடைவெளி போதவில்லை. அது போர் அடித்தவரின் பிழையல்ல, பூட்டியவரின் பிழை.

பிறகு இறுகாத சிலிண்டர் ஒன்றை வேறொரு பட்டறையில் அளந்து, பிஸ்டன் பெட்டியில் சொன்ன இடைவெளியோடு ஒப்பிட்டு, அளவைக் கையெழுத்தோடு வாங்குங்கள். குறைவென்றால் உங்கள் கையில் பிடி இருக்கிறது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். வாயால் சொன்ன உத்தரவாதமும் அதில் அடங்கும். முறைப்பாடு எழுத்தில், சேவை கிடைத்த மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். மாவட்டக் கச்சேரியில் (மாவட்டச் செயலகம்) இருக்கும் அதிகாரசபைப் பிரிவில் கொடுக்கலாம், 1977 க்கு அழைத்தும் கேட்கலாம். பற்றுச்சீட்டு இல்லையென்றால் இப்போதே போய்க் கேளுங்கள். கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை. சீட்டில் “எஞ்சின் வேலை” என்று ஒரு வரியில் எழுத விடாமல், எத்தனை சைஸ், என்ன இடைவெளி என்று எழுதுவியுங்கள். அடுத்த தடவை வேலைக்குக் கொடுக்க முதலே இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

கேள்வி: 948 ஐப் போர் அடிக்கிற செலவுக்கு, பழைய உதிரிப்பாகம் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய 1098 ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?
— வாசகர், மாங்குளம்

பதில்: போடலாம், இழுவையும் கூடும். ஆனால் 948 இன் கிளச் 6¼ அங்குலம், 1098 இன் கிளச் 7¼ அங்குலம். கியர்பொக்ஸின் முன்னால் கிளச்சை மூடும் பெல் ஹவுசிங்கும் வேறு. எஞ்சினை மட்டும் வாங்கினால் பிறகு கியர்பொக்ஸுக்கு இன்னொரு பயணம் போக வேண்டும், சோடியாகக் கேளுங்கள். வாங்கும் இடத்திலேயே பிளக்குகளைக் கழற்றி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வால்வு மூடியைத் திறந்து கறுப்புக் களி இருக்கிறதா பாருங்கள். வெளிப்பூச்சுப் புதிதாக இருந்தால் தண்ணீர் அடைப்புத் தகடுகளை இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள், துருவை மறைக்கத்தான் அநேகமாகப் பூசுவார்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். விற்பவரிடம் அந்த இலக்கம் எழுதிய சீட்டு வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பழைய தகட்டைப் புது புளொக்கில் அறைந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், காரை விற்கும் நாளில் மாட்டிவிடும்.

கேள்வி: புகை நிற்க ஒயிலுக்குள் விடும் போத்தல் மருந்து வேலை செய்யுமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: தேய்ந்த இரும்பு வளராது. ஒயில் தடிப்பதால் புகை சில நாள் குறையும், விற்கப் போகிறவர்கள் அதற்காகத்தான் விடுகிறார்கள். நீங்கள் பழைய கார் வாங்கப் போனால் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். சூடான எஞ்சினிலும் ஒயில் பாணிபோல மெதுவாக வழிந்தால் விலையைப் பேச முதல் கொம்பிறசன் கேஜைக் கேளுங்கள்.

கேள்வி: கிணற்றுத் தண்ணியே ரேடியேற்றருக்கு விடுகிறோம். புதிதாகச் செய்த எஞ்சினுக்கும் விடலாமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு புளொக்குக்குள்ளும் படியும். தண்ணீர் ஓட்டம் குறைவான பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றித்தான் கூடுதலாகச் சேரும். புளொக் லேத்தில் இருக்கும்போதே அடைப்புத் தகடுகளைத் தட்டி எடுத்து, கம்பியால் கிண்டி, அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிறகு பற்றறித் தண்ணீரோடு கூலன்ட் கலந்து விடுங்கள். கூலன்ட் கிடைக்காத நாளில் துணியில் வடித்த மழைத்தண்ணீர் விடலாம், ஆனால் அதில் துருத் தடுப்பு இல்லை என்பதால் கூலன்ட் கிடைத்ததும் மாற்றிவிடுங்கள்.