மாஸ்கோவுக்குப் பின்: சர்வதேசக் கம்யூனிஸ்ட் இயக்கம், சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததால்தானே இயக்கம் சரிந்தது?

பதில்: அந்த ஆண்டில் சரிவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, விரிசல் விழுந்தது அதற்கு வெகுகாலம் முன்பே. 1956 பிப்ரவரியில், சோவியத் கட்சியின் இருபதாவது காங்கிரசின் மூடிய அமர்வில் ஸ்டாலினைச் சாடி அக்கட்சியின் தலைவர் குருஷேவ் ஆற்றிய உரை வெளியே கசிந்தபோது, அதுவரை மாஸ்கோ சொன்னதையே வேதவாக்காகக் கொண்டிருந்த கட்சிகள் தங்கள் உறுப்பினர்களுக்கு விளக்கம் சொல்ல முடியாமல் திணறின. 1960-இல் மாஸ்கோவில் 81 கட்சிகள் கூடி ஒரே அறிக்கையை ஏற்றன. 1963-இலோ சோவியத், சீனக் கட்சிகள் பகிரங்கக் கடிதங்களில் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. 1969 ஜூனில் மாஸ்கோவில் மீண்டும் கூடிய உலகக் கட்சிகளின் மாநாட்டுக்குச் சீனக் கட்சி வரவே இல்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான் எல்லையில் ஓடும் உசூரி ஆற்றின் தீவொன்றில் இரு நாட்டுப் படையினரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொன்றிருந்தனர்.

கேள்வி: உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை மாஸ்கோவிலிருந்து வழிநடத்திய அமைப்பான மூன்றாம் அகிலத்தை 1943-இலேயே கலைத்தது ஏன்?

பதில்: போரில் உடன் நின்ற பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இருந்த ஐயத்தைப் போக்குவது முக்கியமான காரணம். கலைத்த விதம்தான் எனக்கு நெருடுகிறது. 1920-இல் 21 நிபந்தனைகளை விதித்துக் கட்சிகளைச் சேர்த்துக்கொண்ட அமைப்பு, 1935-க்குப் பின் ஒரு மாநாடுகூடக் கூட்டாமல், செயற்குழுவின் தலைமைக் குழு எடுத்த முடிவால் கலைக்கப்பட்டது. சோவியத் அரசின் தேவையும் உலக இயக்கத்தின் தேவையும் ஒன்றே என்ற எண்ணத்தின் பலன் இது.

கேள்வி: சோவியத்–சீனப் பிளவு இலங்கையை எப்படிப் பாதித்தது?

பதில்: 1960-களின் தொடக்கத்தில் இலங்கைக் கட்சி இரண்டானபோது பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) சார்பு அணிக்குத் தலைமை ஏற்றவர், தொழிற்சங்கத் தலைவரான நா. சண்முகதாசன். அவரது கட்சியில் இருந்து வெளியேற்றப்பட்ட ரோஹண விஜேவீரதான் பின்னர் ஜே.வி.பி.யை (மக்கள் விடுதலை முன்னணி) கட்டியவர். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது மாஸ்கோ சார்புக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி அரசில் அங்கம் வகித்தது. சோவியத் ஒன்றியம் அந்த அரசுக்குப் போர் விமானங்களை அனுப்பியது. சீனப் பிரதமர் சூ என்லாய் ஆதரவுக் கடிதமும் வட்டியில்லாக் கடனும் தந்தார். கிளர்ச்சியில் பங்கில்லாத சண்முகதாசனோ சிறைவைக்கப்பட்டார். உலக அரங்கில் ஒருவரையொருவர் திரிபுவாதி, பிளவுவாதி என்று தூற்றிய இரு தலைநகரங்களும் கொழும்பில் ஒரே பக்கம் நின்றன.

கேள்வி: மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய கட்சியான இத்தாலியக் கட்சி ஏன் தானாகவே கம்யூனிஸ்ட் என்ற பெயரை உதறியது?

பதில்: 1976 தேர்தலில் 34 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்ற கட்சி அது, மாஸ்கோவிடமிருந்து விலகிச் சொந்த வழி தேடியதும் அதுவே. பெர்லின் சுவர் திறந்த மூன்றாம் நாள், பொலோஞா நகரில் அதன் செயலாளர் ஒக்கெட்டோ இந்த மாற்றத்தைக் கோடிகாட்டினார். 1991 பிப்ரவரியில் ரிமினி மாநாட்டில் கட்சி கலைந்தது. வாரிசுக் கட்சியின் சின்னம் ஓர் ஓக் மரம், அதன் அடியில் பழைய அரிவாள் சுத்தியல் சிறியதாய். மறுத்தவர்கள் பிரிந்து தனிக் கட்சி கண்டனர்.

கேள்வி: மறுகட்டமைப்பு நடக்கிறதா?

பதில்: நடக்கிறது, ஆனால் அகிலமாக அன்று. 1993-இல் இந்தியாவின் மார்க்சிஸ்ட் கட்சி கல்கத்தாவில் பல நாட்டுக் கட்சிகளை அழைத்துக் கருத்தரங்கு நடத்தியது. 1998-இல் கிரேக்கக் கட்சியின் முயற்சியால் ஏதென்சில் தொடங்கிய கம்யூனிஸ்ட், தொழிலாளர் கட்சிகளின் சந்திப்பு 2009-இல் புது தில்லியிலும் நடந்தது. அதன் முடிவுகள் எக்கட்சியையும் கட்டுப்படுத்துவதில்லை. அதுவே அதன் பலமும் பலவீனமும் என்பேன். 2022-இல் உக்ரைன் போரைக் கிரேக்கக் கட்சி இரு தரப்பிலும் ஏகாதிபத்தியப் போர் என்றது, ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியோ தன் நாட்டு அரசின் நடவடிக்கையை ஆதரித்தது. இருவரும் அதே மேசையில்தான் அமர வேண்டும்.

கேள்வி: சீனக் கட்சி ஏன் தலைமை ஏற்பதில்லை?

பதில்: விரும்பவில்லை. சமத்துவம், உள்விவகாரங்களில் தலையிடாமை ஆகியவற்றின் அடிப்படையில்தான் பிற கட்சிகளுடன் உறவு என்று 1982 காங்கிரசிலேயே அது அறிவித்துவிட்டது. இன்று கம்யூனிஸ்ட் அல்லாத ஆளுங்கட்சிகளுடனும் அதே உறவைப் பேணுகிறது.