யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? உளவியல் ஆலோசனை மையத்துக்கு ஒரு பதிவு முறை

கேள்வி: மதுரையில் நானும் சக ஆலோசகர்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசனை மையம் நடத்துகிறோம். ஐம்பது பேருக்கு மேல் சிகிச்சையில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் உண்டு. ஆனாலும் யார் தொடக்க நிலையில் இருக்கிறார், யார் முடிக்கும் தறுவாயில் இருக்கிறார், யார் சொல்லாமலே நின்றுவிட்டார் என்பதை எல்லா ஃபைலையும் புரட்டாமல் அறிய முடியவில்லை. இதற்கென்று மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: மென்பொருளை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஐம்பது பேருக்கு ஒரு எக்செல் தாளே தாராளம். எதைப் பதிவது, யார் எப்போது அதைப் பார்ப்பது என்பது தீர்மானமாகாதவரை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் இன்னொரு ஃபைல் அலமாரியாகத்தான் முடியும்.

பெரும்பாலான மையங்கள் அமர்வு எண்ணிக்கையையே நிலையாக எடுத்துக்கொள்கின்றன. குடும்பத்தினரும் 'இன்னும் எத்தனை சிட்டிங் மேடம்?' என்றே கேட்பதால் நமக்கும் அந்தக் கணக்கு பழகிவிடுகிறது. மனச்சோர்வுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள் வரை நீளும் என்பது உண்மைதான். ஆனால் எட்டாவது அமர்வில் இருக்கும் இருவரில் ஒருவர் விடைபெறத் தயாராக இருக்கலாம், மற்றவர் வந்த நாளில் இருந்ததைவிட மோசமாகியிருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விருவரையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே தாளில் ஒருவருக்கு ஒரு வரி என ஒதுக்கி, அதில் அவர் இருக்கும் கட்டம், அளவுகோல் மதிப்பெண்கள் (மனநிலையை அளக்கும் வினாப்பட்டியலில் கிடைப்பவை), கடைசியாக வந்த தேதி, அடுத்து வரவேண்டிய தேதி, பொறுப்பான ஆலோசகர் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். அமர்வில் பேசப்பட்ட எதுவும் இந்தத் தாளுக்கு வரக்கூடாது. அதற்குத்தான் ஃபைல் இருக்கிறது.

கட்டங்களை ஐந்துக்குமேல் வகுக்க வேண்டாம். மதிப்பீடு, சிகிச்சை, இடைவெளி கூட்டுதல், பின்தொடர்வு, முடிவு என்பவை போதும். ஒருவரை ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்துவது ஆலோசகரும் அவரும் பேசி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டுமே தவிர, நாட்கள் கடந்துவிட்டதால் தானாக நடப்பதாக இருக்கக்கூடாது. நகர்த்திய தேதியையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். மதிப்பீட்டிலேயே ஒருவர் ஆறு வாரம் தேங்கிக் கிடந்தால் அந்தத் தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே அடிக்கடி நிகழும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் அமர்விலேயே 'இப்ப எவ்வளவோ பரவாயில்லை' என்று சிலர் சொல்வார்கள், முகமும் தெளிந்திருக்கும், ஆலோசகரும் மகிழ்ந்து அமர்வுகளின் இடைவெளியைக் கூட்டிவிடுவார். அமெரிக்க உளவியலாளர் கென்னத் ஹோவர்டும் அவருடைய சகாக்களும் 1993-இல் முன்வைத்த கட்டக் கோட்பாட்டின்படி, சிகிச்சையில் முதலில் திரும்புவது நம்பிக்கை. அதன்பின் அறிகுறிகள் தணிகின்றன. வேலை, உறவு, அன்றாடப் பொறுப்புகள் ஆகியவை சீர்படுவது அதற்கும் பிறகுதான். மூன்றாம் அமர்வில் கேட்கும் 'பரவாயில்லை' பெரும்பாலும் முதல் படியைச் சேர்ந்தது. தூக்கமும் பசியும் வேலைக்குப் போவதும் எப்படி இருக்கின்றன என்று கேட்டுப் பார்க்காமல் அவரை 'இடைவெளி கூட்டுதல்' கட்டத்துக்கு மாற்றாதீர்கள்.

நம் கணிப்பை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு 2005-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு நல்ல சான்று. சிகிச்சையில் இருந்த 550 பேரில் மூவர்தான் மோசமாவார்கள் என ஆலோசகர்கள் கணித்தார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அனுபவசாலிகளும் அந்த ஆலோசகர்களில் இருந்தார்கள். இதனால்தான் அளவுகோல் தேவைப்படுகிறது. மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்ற வினாப்பட்டியல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் வடிவங்களும் உள்ளன. பி.எச்.க்யூ-9 கடந்த இரண்டு வார நிலையை 9 கேள்விகளால் கேட்டு 0 முதல் 27 வரை மதிப்பெண் தருகிறது. 10-ஐத் தொட்டால் மிதமான மனச்சோர்வு என்றும், 20-ஐத் தொட்டால் கடுமையானது என்றும் கொள்வது வழக்கம். 5 மதிப்பெண் குறைந்தால் அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கருதலாம்.

மதிப்பெண்களை அருகருகே எழுதினால்தான் போக்கு தெரியும். '19, 17, 12, 9' என்று இறங்கும் வரியையும் '16, 15, 16, 17' என்று நிற்கும் வரியையும் பார்த்தவுடன், எந்த ஃபைலை முதலில் எடுக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். நான்கு முறை அளந்தும் எண் அசையவில்லை என்றால் அதே முறையைத் தொடர்வதா, மனநல மருத்துவரிடம் அனுப்புவதா என்று சக ஆலோசகர்களுடன் கலந்து பேசுங்கள். மொத்த எண் குறைந்துவிட்டது என்று ஒன்பதாவது கேள்வியைக் கடந்துபோய்விடக்கூடாது. உயிரோடு இருப்பதைவிடச் சாவதே மேல் என்ற எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றிய கேள்வி அது. அதில் 0 தவிர வேறு எது விழுந்தாலும், அவர் அறையைவிட்டுப் போவதற்கு முன் நேரடியாகப் பேசி, ஆபத்தை மதிப்பிட்டு, மையம் மூடியிருக்கும் நேரத்தில் அழைக்க, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416-ஐயும் கொடுத்தனுப்ப வேண்டும்.

படிக்கத் தடுமாறுபவர்களுக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டலாம். அப்படி வாசிக்கும்போது உடன் வந்த கணவரோ மாமியாரோ அறையில் இருக்க வேண்டாம். இருந்தால் எல்லாப் பதிலும் 'இல்லை' என்றே வரும்.

உங்கள் மூன்றாவது கவலைக்கு, அதாவது சொல்லாமல் நின்றவர்களை அறிவதற்கு, தாளிலேயே முக்கியமான பதிவு 'அடுத்து வரவேண்டிய தேதி' என்பதுதான். சிகிச்சையைத் தொடங்குபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதியில் நிறுத்துகிறார் என்று 2012-இல் 669 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. ஆகவே 'சிகிச்சை'யில் இருக்கும் எவருடைய வரியிலும் அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது. தேதி கடந்தும் வராதவரின் வரி சிவப்பாகும்படி எக்செல்லில் அமைத்துவிடலாம். வராதவரை அவருடைய ஆலோசகரே ஒருமுறை அழைக்கட்டும்; வரவேற்பில் இருப்பவரின் நினைவூட்டல் குறுஞ்செய்தி அதற்கு ஈடாகாது. பொதுத்தேர்வுக் காலத்தில் தாய்மார்கள் வராமல் போவது இயல்பு. அதை 'நின்றுவிட்டார்' என்று எழுதிவிடாமல் திரும்பிவரும் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

தாளில் பெயர் வேண்டாம்; குறியீட்டு எண் போதும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கட்டும். மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்தத் தாளின் படத்தைப் பகிரும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது அறவே கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை பெறுபவருக்கு ரகசியக் காப்பை உரிமையாகவே அளிக்கிறது. 25-ஆம் பிரிவு தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. எனவே அவரே ஒருநாள் படிக்கக்கூடும் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

வாரத்தில் ஒருநாள், திங்கட்கிழமை காலை முதல் அமர்வுக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூவரும் அமர்ந்து அரைமணி நேரம் தாளை மேலிருந்து கீழாக வாசியுங்கள். நன்றாகப் போகிறவர்களின் வரிகளில் நிற்க வேண்டியதில்லை; சிவப்பானவை, எண் அசையாதவை, ஒரே கட்டத்தில் நெடுநாள் இருப்பவை ஆகியவற்றுக்கே அந்த நேரம் போக வேண்டும். 'முடிவு' என்று மாற்றும்போது இலக்கு நிறைவேறியது, வேறிடம் அனுப்பப்பட்டார், தாமாக நிறுத்தினார் என்ற மூன்றில் எது என்பதையும் எழுதுங்கள். தாமாக நிறுத்தியவர் பின்னர் திரும்பி வந்தால் புதிய எண் கொடுக்காமல் பழைய வரியிலேயே, புதிய தேதியுடன், மதிப்பீட்டிலிருந்து தொடங்குங்கள்.