டெமோவில் சுப்பர் என்கிறவர் யார்?

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எங்கள் டீமில் ஆறு டெவலப்பர்கள், தரம் சோதிக்கிற கியூஏ ஒருவர். டிசைனர் நான் ஒருத்திதான். கடைகளுக்குச் சாமான் விநியோகிக்கும் ஒரு கம்பனிக்கு ஆப் செய்கிறோம். அவர்களுடைய சேல்ஸ் ரெப்மார் கடை கடையாகப் போய் ஓடர் எடுப்பதற்கான ஆப். வேலையை இரண்டு கிழமைத் துண்டுகளாக வெட்டிச் செய்கிறோம், ஒரு துண்டு ஒரு ஸ்பிரிண்ட். டிசைன் பிந்துகிறது என்று எல்லோரும் குறை சொன்னதால், இப்போது நான் ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் ஓட வேண்டும் என்று ஏற்பாடு. ஓடுகிறேன். ஆனால் பாவனையாளர்களிடம் போய்ப் பார்க்கவோ, செய்ததைச் சோதிக்கவோ ஒரு மணித்தியாலம்கூட மிஞ்சுவதில்லை. கேட்டால், "முதலில் ரிலீஸ் பண்ணுவோம், பிறகு திருத்தலாம், அதுதானே எஜைல்" என்கிறார் எதை எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் புரொடக்ட் ஓனர்.

ஒவ்வொரு டெமோவிலும் கிளையன்ட் பக்கத்து ஐ.டி. மேனேஜர் "சுப்பர்" என்கிறார். ஆனால் ரெப்மார் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் ஓடர் அனுப்புகிறார்கள், இரவில் ஒருவர் இருந்து அதை ஆப்பில் ஏற்றுகிறார். இது போன கிழமைதான் எங்களுக்குத் தெரியவந்தது. சிறுசிறு துண்டாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் இந்த எஜைல் முறையே பாவனையாளரை மையமாக வைக்கும் டிசைனுக்கு எதிரானதா? பழையபடி எல்லாவற்றையும் வடிவமைத்து முடித்துவிட்டுக் கோட் எழுதத் தொடங்குவதுதான் நல்லதா? இன்னொன்று, கம்பனி ஒரு சான்றிதழ்ப் படிப்புக்குக் காசு தருகிறது. எஜைல் முறைகளில் ஒன்றான ஸ்கிரம் படிக்கவா, பாவனையாளர் அனுபவத்தை வடிவமைக்கும் யூஎக்ஸ் படிக்கவா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

எதிரானதல்ல. பழையபடி போனாலும் இதே ஐ.டி. மேனேஜர்தான் எல்லாத் திரைகளையும் பார்த்துக் கையெழுத்து வைப்பார், ஒரு வருடம் கழித்து ரெப்மார் இதே வாட்ஸ்அப்பில்தான் ஓடர் அனுப்புவார்கள். உங்கள் டீமில் எல்லோரும் இருக்கிறார்கள், ரெப்பைத் தவிர.

எஜைலும் பாவனையாளரை மையமாக வைக்கும் டிசைனும் சண்டைக்காரர்கள் என்ற எண்ணம் எங்கள் துறையில் பலருக்கு இருக்கிறது. 1985இல் ஜோன் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நல்ல மென்பொருளுக்கு மூன்று விடயங்கள் வேண்டும் என்று எழுதினார்கள். தொடக்கத்திலேயே பாவனையாளரையும் அவருடைய வேலையையும் போய்ப் பார்க்க வேண்டும், செய்ததை அவர் கையில் கொடுத்து அளந்து பார்க்க வேண்டும், திருத்தித் திருத்தித் திரும்பச் செய்ய வேண்டும். மூன்றாவது, ஸ்பிரிண்ட் போல இல்லையா? 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எஜைல் அறிக்கையை எழுதியபோது, வேறு வழியால் நடந்து வந்து கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் மென்பொருள் எழுதுகிற பக்கத்து ஆட்கள். அறிக்கையின் நான்கு முக்கிய வரிகளில் வருபவர் வாடிக்கையாளர். பாவனையாளர் பின்னால் வரும் 12 கொள்கைகளில் ஓர் இடத்தில் தலைகாட்டுகிறார், அதுவும் வேலையின் வேகத்தைப் பற்றிய வரியில், காசு கொடுப்பவரோடும் டெவலப்பரோடும் சேர்ந்து.

இது ஏன் அப்போது உறுத்தவில்லை? எஜைலுக்கு முன்னோடியான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் எழுதும் முறை, கிரைஸ்லர் கார் கம்பனியின் சம்பளக் கணக்கு மென்பொருளைச் செய்யும்போது வளர்ந்தது. வாடிக்கையாளர் ஒருவர் டீமோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சம்பளப் பிரிவும் அதே கம்பனிக்குள்தான். அங்கே வாடிக்கையாளரும் பாவனையாளரும் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள். அந்த விதியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, தெமட்டகொடையிலோ மருதானையிலோ இருந்துகொண்டு வேறொரு கம்பனிக்கு ஆப் செய்கிற டீமில் வைத்தால், வாடிக்கையாளர் கதிரையில் வந்து உட்காருபவர் பில்லுக்குக் கையெழுத்து வைப்பவர். உங்கள் ஐ.டி. மேனேஜர் பொய் சொல்லவில்லை. ஏசி அறையில், வைஃபையில், பெரிய திரையில் பார்க்கும்போது அந்த ஆப் உண்மையிலேயே சுப்பராகத்தான் இருக்கும். அவர் புறக்கோட்டையில் ஒரு நாள் ஓடர் எடுத்ததில்லை, அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, 2002இல் அலன் கூப்பருக்கும் கென்ட் பெக்கிற்கும் நடந்த விவாதத்தை நினைத்துக்கொள்வேன். கூப்பர், ஆளும் திரையும் எப்படிப் பழகுவது என்று வடிவமைக்கும் இன்டராக்ஷன் டிசைனுக்குப் பேர்போனவர், பெக் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கைக் கொண்டுவந்தவர். கோட் எழுதத் தொடங்குவதற்கு முன்னர் டிசைனை முடிக்க வேண்டும் என்றார் கூப்பர். அப்படிச் செய்தால் நாங்கள் பாடுபட்டு ஒழித்த பழைய சிக்கல் திரும்ப வரும் என்பது பெக்கின் மறுப்பு. என் கணக்கில் இருவருக்கும் பாதிப் பாதி. எதை முதலில் தீர்மானிப்பது, எதைப் பிறகு திருத்தலாம் என்று பிரிக்கத் தெரிந்தால் இந்தச் சண்டையில் பாதி அடங்கிவிடும்.

உங்கள் ஆப்பையே எடுப்போம். பட்டன் எங்கே, நிறம் என்ன, பட்டியல் எந்த ஒழுங்கில் என்பதெல்லாம் பிறகு திருத்தக்கூடியவை. இவற்றில் உங்கள் புரொடக்ட் ஓனர் சொல்வது சரி, ரிலீஸ் பண்ணிவிட்டுத் திருத்தலாம். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் வேலை செய்ய வேண்டுமா என்பது அப்படியில்லை. புறக்கோட்டையில் ஒடுங்கிய கடைகளின் பின்பக்க ஸ்டோருக்குள் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. ஆனால் அதை ஏழாவது ஸ்பிரிண்டில் கண்டுபிடித்தால், தரவைச் சேமிக்கும் முறையையே மாற்ற வேண்டிவரும். கடை முதலாளி "இரண்டு கேஸும் உதிரியாய் மூன்றும் போடு" என்று சொல்வார். உங்கள் திரை ஓர் எண்ணை மட்டும் கேட்டால், ரெப் மனக்கணக்குப் போட வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கமும் இப்படித்தான். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும், 2016க்குப் பிறகு வந்ததில் 12 இலக்கம். ஒன்றை மட்டும் ஏற்கும்படி செய்தால் கடைக்காரர்களில் ஒரு பகுதியைப் பதியவே முடியாது. மூன்று மொழி பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கிய பட்டனுக்குள் தமிழை அடைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். இது கடைசி ஸ்பிரிண்டில் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பித் தீர்க்கிற வேலை இல்லை.

2022இல் பெற்றோல் வரிசைக்காக வந்த கியூஆர் முறையை நினைத்துப் பாருங்கள். பதிகிற திரைகளைப் பற்றி ஆளுக்கு ஆள் குறை சொன்னோம். ஆனால் அந்தப் படத்தைக் கடுதாசியில் அச்சடித்துக் காட்டினாலும் பம்பில் வேலை செய்தது. ஸ்மார்ட்போன் இல்லாத முச்சக்கரவண்டிக்காரர் கொமியூனிகேஷனுக்குப் போய் ஒரு பிரின்ட் எடுத்து, லெமினேட் பண்ணி வைத்துக்கொண்டார். திரையில் இருந்த குறைகள் பிறகு திருத்தக்கூடியவை. கடுதாசியிலும் வேலை செய்யும் என்ற தீர்மானம் இல்லாமல் போயிருந்தால் பம்பில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். முதலில் தேடிப் பிடிக்க வேண்டியது இந்த மாதிரித் தீர்மானங்களைத்தான். அதற்கு மாதக்கணக்கு வேண்டியதில்லை. ரெப் ஒருவரின் பின்னால் ஓரிரு நாள் முழுக்க அலைந்தால் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

அப்புறம், இந்த "ஒரு ஸ்பிரிண்ட் முன்னால்". இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று உங்கள் டீமில் யாருக்காவது தெரியுமோ தெரியாது. டொரொன்டோவில் இருந்த எலியஸ் என்ற நிறுவனத்தில் லின் மில்லர், டெசிரே சை போன்றவர்கள் செய்து பார்த்து, 2005இலும் 2007இலும் எழுதியது. டெவலப்பர்கள் ஒரு ஸ்பிரிண்டைக் கட்டும்போது, டிசைனர்கள் அடுத்ததை வடிவமைப்பார்கள், அதற்கும் அடுத்ததற்காகப் பாவனையாளரிடம் விடயம் சேர்ப்பார்கள், முந்தைய ஸ்பிரிண்டில் கட்டியதைச் சோதிப்பார்கள். உங்கள் டீம் இதில் எடுத்துக்கொண்டது வடிவமைப்பதை மட்டும். சேர்ப்பதும் சோதிப்பதும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டன. அங்கே டிசைனர்களும் டெவலப்பர்களும் தினமும் கதைத்துக்கொண்டார்கள், கண்டுபிடித்ததைத் தடித்த அறிக்கையாக எழுதாமல் வாயால் சொன்னார்கள். நீங்கள் திரை வரையும் ஃபிக்மாவின் லிங்க்கை, வேலைக் குறிப்பான டிக்கெட்டில் ஒட்டிவிட்டு அடுத்த திரைக்கு ஓடுகிறீர்கள். அது, முழுக்க வடிவமைத்த பிறகே கோட் எழுதும் பழைய வோட்டர்ஃபால் முறையை இரண்டு கிழமைக்கு ஒன்றாக வெட்டியது. தனியாள் ஒருவரிடம் இத்தனை வேலையையும் கொடுத்தால் நடக்காது என்பதும் உண்மை. அதனால் திரைகளைக் குறையுங்கள். தெரிந்த வகைப் படிவத்துக்கு முழுத் திரை வரைய வேண்டாம், டெவலப்பரோடு பத்து நிமிடம் பலகையில் கீறினால் போதும். அவருக்குக் கைவசம் முன்பே செய்துவைத்த பட்டன், பெட்டி போன்ற கூறுகள் இருக்கும், அவரே செய்துவிடுவார்.

மிச்சப்படும் நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ்அப்பை. டீமில் எல்லோரும் அதை அவமானமாக எடுத்திருப்பீர்கள். எனக்கு அது உங்களிடம் இருக்கிற மிக நல்ல தரவு. யாரும் கேட்காமலே, காசு கொடுக்காமலே, ரெப்மார் உங்களுக்கு ஒரு மாற்று ஆப் செய்து காட்டியிருக்கிறார்கள். அனுமதி கேட்டு ஒரு நாளைய ஓடர்களைப் பாருங்கள். குரல் பதிவா, முதலாளி கையால் எழுதிய துண்டின் படமா, "போன கிழமை மாதிரியே, மாவை மட்டும் கூட்டு" என்ற ஒற்றை வரியா? குரல் பதிவு என்றால், அவர் ஒரு கையில் சாம்பிள் பையோடு நிற்கிறார் என்று அர்த்தமாக இருக்கலாம். துண்டின் படம் என்றால், ஓடரை எழுதுவது முதலாளிதான், ரெப் வெறும் தூதர், அப்போது நீங்கள் கட்டியிருக்கும் தேடல் திரையே தவறான ஆளுக்கு. போன கிழமை மாதிரியே என்றால், பழைய ஓடரைத் திறந்து திருத்தும் ஒரு வழி போதும். மூன்றும் மூன்று வேறு ஆப். எது என்று ஃபிக்மாவுக்குள் இருந்து தெரியாது. இரவில் இருந்து ஏற்றுகிறவரோடும் ஒருக்கா கதையுங்கள். எந்த ஓடரில் எதைத் திருப்பிக் கேட்க வேண்டிவருகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள், ஒரு டெவலப்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதில் நான் பிடிவாதக்காரி. டிசைனர் மட்டும் போய்ப் பார்த்து வந்து சொன்னால் அது டிசைனரின் அபிப்பிராயம், டெவலப்பர் தன் கண்ணால், ரெப் மூன்று தரம் தவறான இடத்தில் தட்டிவிட்டுச் சிரித்து மழுப்புவதைப் பார்த்தால் அன்றிரவே திருத்திவிடுவார், டிக்கெட் கூடத் தேவைப்படாது. ஜாரெட் ஸ்பூல் என்ற யூஎக்ஸ் ஆய்வாளர், டீமில் உள்ள ஒவ்வொருவரும் ஆறு கிழமைக்கு ஒருக்கா குறைந்தது இரண்டு மணித்தியாலமாவது பாவனையாளரை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். உங்கள் கணக்கில் மூன்று ஸ்பிரிண்டுக்கு இரண்டு மணித்தியாலம். எந்த மேனேஜரும் இதை மறுக்கச் சங்கடப்படுவார். புரொடக்ட் ஓனருக்கும் இதே கணக்குத்தான்.

சோதனைக்கு ஒரு நாளை நிரந்தரமாகப் பிடியுங்கள், ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் இரண்டாவது வியாழன் என்று வையுங்கள். அன்றைக்கு எது தயாராக இருக்கிறதோ அதைச் சோதிப்பது, கோட் என்றால் கோட், கடுதாசியில் கீறியது என்றால் அது. எல்லாம் தயாரான பிறகு என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. மூன்று பேர் போதும். நீல்சன், லண்டவர் என்ற இரு ஆய்வாளர்களின் 1993 கணக்கை வைத்து, ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டுவார், ஐந்து பேரோடு 85 சதவீதம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சராசரி, உங்கள் ஆப்புக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் கடைசியில் பதினைந்து பேரைப் பார்ப்பதை விட, ஸ்பிரிண்டுக்கு மூன்று பேர் என்று பார்ப்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காலையில் ரெப்மார் ரூட்டுக்குக் கிளம்புமுன் டிப்போவில் கூடுவார்களே, அங்கே போய் ஆளுக்கு இருபது நிமிடம் கேளுங்கள். கையோடு ஒரு ரீலோட் போட்டு விடுங்கள். ஆட்களைத் தெரிவுசெய்யும் வேலையைக் கந்தோரிடம் விட்டால் கெட்டிக்காரப் பொடியன் ஒருவனைத்தான் அனுப்புவார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் எல்லாம் நல்லம் என்றுதான் வரும்.

அந்த ஐ.டி. மேனேஜரை ரூட்டுக்குக் கூட்டிப்போக முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அடுத்த டெமோவின் முதல் மூன்று நிமிடத்தில் ஒரு வீடியோவைப் போடுங்கள். கையும் திரையும் போதும், முகம் வேண்டாம். ரெப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு பக்கம், அவருடைய வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பது அதைவிடப் பெரிய பக்கம்.

புரொடக்ட் ஓனரோடு "பாவனையாளர் முக்கியம்" என்று வாதாடாதீர்கள், அதை அவரும் ஒத்துக்கொள்வார், ஒன்றும் மாறாது. "முடிந்தது" என்பதற்கான நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "சிக்னல் இல்லாமல், நின்றுகொண்டு, ஐந்து சாமான் உள்ள ஓடரை ரெப் ஒருவர் உதவியின்றிப் போட்டு முடித்தார்." சோதனையில் கண்ட சிக்கல்களைத் தனிப் பட்டியலில் வைக்காமல், செய்யவேண்டிய மற்ற வேலைகளோடு, அதாவது ஸ்டோரிகளோடு, ஒரே பேக்லொக் பட்டியலில் போடுங்கள். தனிப் பட்டியலை யாரும் திறப்பதில்லை. அப்போது "பிறகு திருத்தலாம்" என்பதற்கு ஒரு திகதி கேட்கலாம்.

சான்றிதழ் விடயம்: காசு கம்பனியுடையது என்றால் ஸ்கிரம் படியுங்கள். டிசைன் உங்களுக்குத் தெரியும். ஸ்பிரிண்ட் பிளானிங்கில் அவர்களுடைய விதியைக் காட்டியே பேச முடிந்தால், அந்த வியாழக்கிழமையைக் கேட்டு வாங்குவது சுலபம்.

அன்புடன்,
அக்கா