மூலிகைகளை நேரில் பார்த்துக் கற்க எந்த மாதம் தொடங்கலாம்?

புரட்டாசி கடைசியில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கியதும், வெயிலில் காணாமல் போயிருந்த சிறு செடிகள் வரப்பிலும் வேலியோரத்திலும் முளைக்கும்.

முதல் மாதம் கரிசலாங்கண்ணி (கரிசாலை) ஒன்றே போதும். வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் இருக்கும். பலர் வெட்டுக்காயப் பூண்டை அதுவென்று பறித்துவிடுகிறார்கள். பூவைப் பாருங்கள்: வெட்டுக்காயப் பூண்டுக்கு ஒரு சாண் அளவு நீண்ட காம்பு, நடுவில் மஞ்சள், கரிசாலைப் பூ சிறியது, வெள்ளை, குட்டைக் காம்பு. சந்தேகம் தீரவில்லையா? தண்டைக் கிள்ளி விரலில் தேயுங்கள். கரிசாலைச் சாறு சற்று நேரத்தில் கருத்துவிடும். அந்தக் கறையை ஒருமுறை பார்த்தவர் பிறகு ஏமாறமாட்டார்.

அடுத்து கீழாநெல்லி, இலைக்கொத்தைத் திருப்பினால் அடியில் காய் வரிசை. முடக்கத்தான் காய்த்ததும் பலூன் போன்ற காயை உடையுங்கள், கறுப்பு விதையில் இதய வடிவில் வெள்ளைப் புள்ளி இருக்கும். தூதுவளைக்கு இலையிலும் முள். மார்கழிக் கடைசியில் பொங்கல் காப்புக் கட்டச் சிறுபீளையும் ஆவாரம்பூவும் பறிக்கப் போகும் பெரியவர்களோடு நீங்களும் போங்கள். கீரை விற்கும் பாட்டிகளிடம் கேளுங்கள். நான் அதிகம் கற்றது அவர்களிடம்தான்.

பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். முதல் ஆண்டு அடையாளம் காண்பதோடு நில்லுங்கள். மருந்தாக உண்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். அதே வேலியில் ஊமத்தையும் வளர்கிறது, அது விஷம்.