மருத்துவமனைக் கோப்புக்கு விண்ணப்பத்தில் இடம் உண்டா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தையும் அதனுடன் வைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களையும் படித்தேன். தன் தாயாரின் சிகிச்சைக்காக ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வாரம் இரண்டு முறை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறிய தங்கள் மகள், பத்தாம் வகுப்பில் 500-க்கு 462 வாங்கியவளே ஆனாலும், பதினொன்றாம் வகுப்பில் 600-க்கு 391 எடுத்ததில் வியப்பில்லை. இந்தத் தாள்களை இணைத்தால் கல்லூரி பரிவு காட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான விண்ணப்பங்களில் அவற்றை இணைப்பதற்கே இடமில்லை. ஆனால் அது தாங்கள் அஞ்சுமளவுக்குக் கெட்ட செய்தி அன்று.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் ஒன்றுதான் பேசும். அதுவும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே வைத்து. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று அரசு 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே மகள் விரும்பும் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியின் வாசலை அந்த 391 அடைக்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் அவளுக்கு உண்டு. அதற்கு வேண்டிய ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்புச் சான்றிதழ்தான், தாங்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் மருத்துவக் கோப்பைவிட இப்போது மதிப்பு மிக்க தாள்.

உண்மையான இழப்பு மதிப்பெண்ணில் இல்லை, விட்டுப்போன பாடங்களில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பின் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் பிடிபடாமல் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் வெகுதூரம் போக முடியாது. கட்-ஆஃபில் கணித மதிப்பெண் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர்வதால், மாலை நேரம் குறைவாகக் கிடைக்கும் வீட்டில் முதல் ஒரு மணி நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுப்பதே இலாபம். ஜேஇஇ, நீட் நுழைவுத் தேர்வுகள் இரண்டுமே பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்பவை. இந்த ஓராண்டில் இரு ஆண்டுப் பாடங்களையும் ஈடுகட்டச் சொல்லி அவளை வருத்துவதை நான் விரும்பவில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்காக 2022-ல் தொடங்கிய க்யூட் தேர்வின் பாடத்தாள்களோ பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தை ஒட்டியே அமைபவை. கல்லூரிக்காக வெளியூர் அனுப்பத் தாங்கள் துணிந்தால், இவளைப் போன்றவர்களுக்கு அது நியாயமான வழி.

சொல்ல இடம் இருக்கும் கல்லூரிகளும் சில உண்டு. பெங்களூரில் உள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வுடன் நேர்காணலும் வைக்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகையும் தருகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் இத்தகைய சூழ்நிலையை எழுதவே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்களைப் பார்ப்பதால் விளக்கமும் தேவைப்படும்.

அவ்வாறு எழுத நேர்ந்தால் நான்கைந்து வாக்கியங்கள் போதும். முன்பு என்னிடம் வந்த ஒரு மாணவர் தந்தையின் நோயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். படித்த எனக்குக் கண் கலங்கியது, ஆனால் அவர் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பது கடைசிவரை தெரியவில்லை. மகள் ஏறக்குறைய இப்படி எழுதலாம்: "ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை என் தாயாரின் சிகிச்சைக்கு உடன் சென்றதால் 43 நாள் பள்ளிக்கு வர இயலவில்லை. வீட்டில் சமையலையும் தம்பியையும் நானே கவனித்தேன். பிப்ரவரி முதல் தவறாமல் வருகிறேன். விட்டுப்போன கணிதப் பாடங்களைக் கோடை விடுமுறையில் முடித்தேன்." நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அதைச் சொல்வதா என்பதைத் தங்கள் துணைவியாரே முடிவு செய்யட்டும். இதையே வகுப்பாசிரியரோ தலைமையாசிரியரோ வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பள்ளித் தாளில் எழுதித் தந்தால், மருத்துவமனைத் தாள்களைவிட அதற்கு எடை அதிகம்.

ஒன்றைத் தயக்கத்துடனேயே கேட்கிறேன். தொடர் சிகிச்சைக்கு இப்போதும் அவளேதான் துணைக்கு வருகிறாளா? தங்களுக்கு எஸ்டேட்டில் விடுப்புக் கிடைப்பது கடினம் என்பதை அறிவேன். ஆயினும் சித்தியோ அத்தையோ மாதத்தில் இரண்டு முறையாவது அந்தப் பொறுப்பை ஏற்றால், நான் சொன்ன கணித நேரம் அவளுக்குக் கிடைக்கும்.

சனிக்கிழமை சேலம் வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களும் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகமும் போதும். மருத்துவக் கோப்பை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

தங்கள் அன்புள்ள,
கல்வி ஆலோசகர், சேலம்