தலை தெளிவு, வயிறு உப்பல்: ஷண்ட் வைத்த பிள்ளைக்கு என்ன செய்வது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: “மகனுக்கு நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் நீர் கோத்து ஷண்ட் வைத்தார்கள். பத்து நாளாக வயிறு உப்பிக்கொண்டே வருகிறது, கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. தலைவலி, வாந்தி இல்லை. வாயு என்று மாமியார் பெருங்காயம் தடவுகிறார். அப்பாயின்மென்ட்டுக்கு மூன்று வாரம் இருக்கிறது. காத்திருக்கலாமா?”

வேண்டாம். இன்றே காட்டிவிடுங்கள்.

மூளையில் ஊறும் நீரை ஷண்ட் குழாய் தோலுக்கடியில் இறக்கி வயிற்றுக்குள் விடுகிறது. வயிற்றின் உட்சவ்வு அதை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கே நாளுக்கு அரை லிட்டர்தான் ஊறும், பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஆனாலும் சவ்வு உறிஞ்சாவிட்டால் வயிறு ஊதிவிடும். குழாய் என்னவோ ஒழுங்காக இறக்கிக்கொண்டேதான் இருக்கும், அதனால் தலை தெளிவாக இருக்கும். ‘தலைவலி இல்லையே’ என்ற ஆறுதல் இந்த இடத்தில்தான் காலை வாரும். நீரில் புரதம் கூடுவது, சிலவகை மூளைக் கட்டிகள், தொற்று எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

இன்னொன்று, குழாய் நுனியைச் சுற்றிச் சவ்வு மூடி, நீர் ஒரே பையாகத் தேங்குவது. வயிற்றில் முன்பு அறுவை நடந்த பிள்ளைகளுக்கும் ஷண்ட்டைப் பலமுறை மாற்றியவர்களுக்கும் இது அதிகம் வரும். பெரும்பாலும் பின்னால் ஒரு தொற்று ஒளிந்திருக்கும். தோலில் சாதுவாக வாழும் கிருமிதான், காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். பை பெருத்தால் நீர் இறங்க வழியில்லாமல் தொல்லை தலைக்கும் ஏறும்.

இரண்டையும் அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்கும், ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தொற்று என்றால் குழாயின் கீழ்முனையைக் கொஞ்ச நாள் வெளியே எடுத்துவைத்து, கிருமிக்கு மருந்து கொடுத்து, அப்புறம் மறுபடி பொருத்துவார்கள். வயிறு சரிப்படாவிட்டால் இதயத்துக்கே குழாயைத் திருப்புவதும் உண்டு.

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன், வெறும் மலச்சிக்கலாகவும் இருக்கலாம். ஆனால் முற்றிய மலச்சிக்கலும் ஷண்ட்டின் ஓட்டத்தைத் தடுக்கும். பையனின் கவட்டையிலோ விதைப்பையிலோ வீக்கம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. வாந்தி எடுத்து, எழுப்பினாலும் எழாமல் தூங்கினால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். ஷண்ட் வகையும் கடைசியாக மாற்றிய தேதியும் உள்ள தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். பதிவு முகப்பிலேயே “ஷண்ட் இருக்கிறது” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.